32 வருஷம் காத்திருந்த வெளிச்சம்!

நாளைக்கு செமஸ்டர் எக்ஸாம். ராத்திரி பத்து மணி. ஹாஸ்டலில் எல்லோரும் அப்போதுதான் முதல் யூனிட்டைத் திறந்திருப்பார்கள். பொசுக்கென்று கரன்ட் போய்விடும். ஒரு நொடி அமைதி. அடுத்த நொடி மூன்று மாடியிலிருந்தும் "ஓ...ஓ...ஓ..." என்று ஒரே ஊளைச் சத்தம்! அதில் பாதி கோபம், பாதி சந்தோஷம் என்பது நமக்குத் தெரியாதா என்ன?

கரன்ட் இல்லாதபோதுதான் கரன்டைப் பற்றி யோசிக்கிறோம். ஸ்விட்ச் போட்டால் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த ஸ்விட்சுக்குப் பின்னால் ஒரு கம்பி, கம்பிக்குப் பின்னால் ஒரு டவர், டவருக்குப் பின்னால் ஒரு மலை, அந்த மலைக்குப் பின்னால் ஒரு மனுஷன் இருந்தான் என்பதெல்லாம் நம் மண்டையில் ஏறுவதே இல்லை.

அப்படி ஒரு மனுஷனைப் பற்றித்தான் இந்த வாரம். நம்ம ஊர்க்காரர் இல்லை. பாக் ஜலசந்தியைத் தாண்டி அந்தப் பக்கம். பெயர் டி.ஜே.விமலசுரேந்திர. முழுப்பெயர் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர. இலங்கையில் 'நீர்மின்சாரத்தின் தந்தை' என்றால் இவர்தான். "அருவியிலிருந்து கரன்ட் எடுக்கலாம்" என்று 1918-ல் எழுதிக் கொடுத்தவர். அந்தக் கரன்ட் வந்து சேர்ந்தது எப்போது தெரியுமா? 1950-ல்! நடுவில் 32 வருஷம். நாம் ஒரு மெயிலுக்குப் பதில் வர 32 நிமிஷம் ஆனாலே டென்ஷன் ஆகிற ஆட்கள்!

காலியில் பிறந்த பையன்

இலங்கையின் தெற்குக் கோடியில் இருக்கிறது காலி. டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும் கடலும் சேர்ந்த அழகான ஊர். அங்கே 1874-ல் பிறந்தார் விமலசுரேந்திர. அப்பா கைவேலைப்பாட்டில் பெயர் எடுத்தவர். முதலியார் பட்டம் பெற்றவர். (இங்கே முதலியார் என்பது ஜாதிப் பெயர் அல்ல. ஆங்கிலேய ஆட்சியில் இலங்கையில் உள்ளூர்ப் பிரமுகர்களுக்குக் கொடுத்த பதவி, பட்டம்.) கையால் ஒரு பொருளைச் செய்து முடிக்கிற வித்தையை வீட்டிலேயே பார்த்து வளர்ந்த பையன், இன்ஜினீயர் ஆனதில் ஆச்சரியம் இல்லை.

படித்தது கொழும்பு ஆனந்தா கல்லூரியில். இந்தக் கல்லூரிக்கும் நம் சென்னைக்கும் ஒரு குட்டித் தொடர்பு உண்டு. 1886-ல் அது தொடங்கப்படக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் கர்னல் ஆல்காட். அடையாறு பிரம்மஞான சபையின் அதே ஆல்காட்தான். சென்னையில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அவரேதான்!

படிப்பு முடித்து, அரசாங்க மராமத்து இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார் விமலசுரேந்திர. பி.டபிள்யு.டி. என்று நாம் சொல்வோமே, அதேதான். ரோடு, பாலம், கட்டடம் இதெல்லாம்தான் வேலை. அது வெள்ளைக்காரர்களின் காலம். பெரிய நாற்காலிகள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர்களுக்கு. உள்ளூர்க்காரர்கள் கீழ்ப்படியில் நின்று மேலே அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

இவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. படிப்படியாக ஏறினார். வேலையில் இருந்துகொண்டே படித்தார். சிவில் இன்ஜினீயர்கள் சங்கத்தின் அசோசியேட் உறுப்பினர் தகுதியைப் பெற்றார். அதோடு விட்டாரா? "அணை கட்டத் தெரிந்தால் போதுமா? கரன்ட் எப்படி ஓடுகிறது என்றும் தெரிய வேண்டாமா?" என்பதுபோல, இங்கிலாந்து போய் மின்பொறியியலும் படித்துத் தேறினார். சிவிலும் எலெக்ட்ரிக்கலும் ஒரே தலைக்குள்! இன்றைக்கு இதற்கு 'டூயல் டிகிரி' என்று ஸ்டைலாகப் பெயர் வைத்திருக்கிறோம். நீர்மின் நிலையம் என்பதே இந்த இரண்டு டிபார்ட்மென்ட்டும் கைகுலுக்கிக்கொள்கிற இடம்தான்.

இரண்டு ஆறு, இரண்டு அருவி

இலங்கை மேப்பை எடுங்கள். நடுவில் மலைநாடு. அட்டன், மஸ்கெலியா, நுவரெலியா... கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. சிவனொளிபாத மலை தெரிகிறதா? அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் பிறந்து வருகிறது மஸ்கெலியா ஓயா. ('ஓயா' என்றால் சிங்களத்தில் ஆறு.) பக்கத்திலேயே இன்னொரு ஆறு, கெஹெல்கமு ஓயா. இரண்டும் கீழே இறங்கிச் சேர்ந்தால் அதுதான் களனி கங்கை. நேராகக் கொழும்புக்குப் போய்க் கடலில் கலந்துவிடும்.

கீழே இறங்கி வரும் வழியில் இரண்டு ஆறும் தலைகுப்புற விழுகின்றன. மஸ்கெலியா ஓயாவில் லக்சபான அருவி, சுமார் 126 மீட்டர். கெஹெல்கமு ஓயாவில் அபர்டீன் அருவி, சுமார் 98 மீட்டர். நாற்பது மாடிக் கட்டடத்தின் உயரத்திலிருந்து ஒரு ஆறே குதிப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்!

விமலசுரேந்திர அந்தப் பக்கம் போனது பற்றி ஒரு கதை சொல்வார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் தங்கம் இருக்கிறதா என்று பார்த்து வர அவரை அனுப்பினார்களாம். தங்கம் கிடைக்கவில்லையாம். ஆனால் அதைவிடப் பெரிய புதையல் அருவியில் கொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாராம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, அதில் இருக்கிற விஷயம் நிஜம். எல்லோரும் பார்த்த அருவிதான். வெள்ளைக்காரத் துரைகள் குதிரையில் வந்து வேடிக்கை பார்த்தார்கள். தோட்டத் தொழிலாளிகள் கூடையோடு கடந்து போனார்கள். ஒருத்தர் மட்டும் அதை ஒரு மெஷினாகப் பார்த்தார்.

பேப்பர் பேனா எடுங்க, சின்னக் கணக்கு!

பயப்பட வேண்டாம், பிளஸ் டூ பிசிக்ஸ்தான். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், அதில் இருக்கிற சக்தி சுமார் 980 கிலோவாட். டர்பைன், ஜெனரேட்டர், குழாய் உராய்வு என்று வழியில் கொஞ்சம் போய்விடும். கையில் நிற்பது 800 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது, 800 வீட்டில் ஒரே நேரத்தில் அயர்ன் பாக்ஸ் போடலாம்!

இதில் கவனிக்க வேண்டியது உயரம். 100 மீட்டர் உயரம் என்றால் ஒரு யூனிட் கரன்ட் எடுக்கச் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். 400 மீட்டர் உயரம் கிடைத்தால்? சுமார் 1,100 லிட்டர் போதும். தண்ணீர் கால்வாசி, கரன்ட் அதே அளவு. அதனால்தான் மலைநாட்டு ஆறுகளைப் பார்த்தால் இன்ஜினீயர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. சமவெளியில் ஓடுகிற பெரிய நதியை விட, மலையில் குதிக்கிற சின்ன ஆறு சில சமயம் கில்லாடி!

இன்னொரு விஷயம். டர்பைனைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் அப்படியே வெளியே வந்துவிடும். குறையாது, தீராது. கீழே இன்னொரு டர்பைன் வைத்து மறுபடி சுற்றலாம். எரித்த நிலக்கரியை மறுபடி எரிக்க முடியுமா?

முதலில் ஒரு ரிகர்சல்

எடுத்தவுடனே பெரிய அணை கட்டலாம் என்று யாரும் காசு கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் சின்னதாகச் செய்து காட்ட வேண்டும். 1912-ல் விமலசுரேந்திர அதைச் செய்தார். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூல் என்ற இடத்தில் ஒரு குட்டி நீர்மின் நிலையம். அங்கிருந்து நுவரெலியா டவுனுக்கு கரன்ட் போனது. நுவரெலியா என்பது இலங்கையின் ஊட்டி. வெயில் தாங்காத துரைமார்கள் ஓடிப் போய் உட்கார்ந்துகொள்ளும் மலை ஊர். அங்கே விளக்கு எரிந்தது.

"முடியும்" என்பதற்கு ஆதாரம் கையில் வந்தாச்சு. இனி பெரிய கணக்கு.

1918: அந்த ஒரு பேப்பர்

முதல் உலகப் போர் முடிகிற வருஷம். கொழும்பில் அப்போது கரன்ட் இருந்தது. ஆனால் நகரத்தின் ஒரு பகுதிக்கு மட்டும். சப்ளை ஒரு தனியார் கம்பெனி கையில். ரயில் ஓடுவது நிலக்கரியில். துறைமுகம் நடப்பது நிலக்கரியில். இந்த நிலக்கரியில் ஒரு மூட்டைகூட இலங்கையில் வெட்டி எடுத்தது கிடையாது. எல்லாம் கப்பலில் வந்து இறங்க வேண்டும். போர் வந்தது. கப்பல்கள் குறைந்தன. விலை எகிறியது. கடல் நடுவில் இருக்கிற தீவுக்கு, எரிபொருள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் உறைத்தது.

அந்த நேரத்தில் இலங்கை இன்ஜினீயர்கள் சங்கத்தின் முன்னால் விமலசுரேந்திர ஓர் ஆய்வுக் கட்டுரையை வைத்தார். இலங்கையில் நீர்மின்சக்தியைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றியது அது. தலைப்பைக் கவனியுங்கள். 'எப்படிச் செய்வது' என்று மட்டும் அவர் எழுதவில்லை. 'செய்தால் கட்டுப்படியாகுமா' என்று எழுதினார். மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா இரண்டிலும் சக்தி இருக்கிறது, அதைக் கம்பி வழியாக நாட்டுக்குக் கொண்டு வரலாம், செலவு போட்டால் வரவு வரும் என்பது வாதம்.

இது ஏதோ ஆகாயக் கோட்டையா? இல்லவே இல்லை. பக்கத்து வீட்டிலேயே உதாரணம் இருந்தது. 1902-லேயே மைசூர் சமஸ்தானம் காவிரியில் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கரன்ட் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கோலார் தங்கவயலுக்கு அனுப்பிவிட்டது. அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று! 1915-ல் பம்பாய்க்காக டாட்டாக்கள் கோபோலியில் நீர்மின் நிலையத்தை ஓடவிட்டார்கள். அப்படியிருக்க, லக்சபானவிலிருந்து கொழும்புக்கு ஏன் முடியாது?

கேள்வி நியாயமானது. பதில்தான் வரவில்லை.

ஏன் 'நோ' சொன்னார்கள்?

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். 'வெள்ளைக்காரன் வேண்டுமென்றே கெடுத்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதில் உண்மையும் இல்லாமல் இல்லை. ஓர் உள்ளூர் இன்ஜினீயர் இவ்வளவு பெரிய திட்டம் போடுவதா என்ற இளக்காரம் காலனி ஆட்சிகளில் சகஜம். ஆனால் அதற்கு மேலும் காரணங்கள் உண்டு. ஏதாவது ஒரு புராஜெக்ட்டை என்றைக்காவது ஒரு போர்டு முன்னால் வைக்கப் போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய காரணங்கள்.

முதலாவது, பணம். அனல் மின் நிலையம் என்றால் மெஷினை வாங்கி வைத்துவிட்டு, நிலக்கரிக்கு மாசாமாசம் செலவு செய்யலாம். நீர்மின்சாரத்தில் அப்படி இல்லை. அணை, குகை, குழாய், டவர் என்று மொத்தக் காசையும் முதலிலேயே கொட்ட வேண்டும். வருமானம் அப்புறம்தான். ஒரு காலனி அரசாங்கத்தின் கஜானாக் காவலர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும் விஷயம்.

இரண்டாவது, கோழியா முட்டையா பிரச்னை. "இவ்வளவு கரன்ட் வாங்க இந்த ஊரில் ஆள் எங்கே?" என்று கேட்பார்கள். கரன்ட் மலிவாக வந்தால்தானே ஆட்கள் வாங்குவார்கள்! தொழிற்சாலை இல்லாததால் கரன்ட் வேண்டாம். கரன்ட் இல்லாததால் தொழிற்சாலை இல்லை. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம்.

மூன்றாவது, ஏற்கெனவே கடை போட்டிருப்பவர்கள். நீராவியில் கரன்ட் தயாரித்து விற்பவர்களுக்கு, மலையிலிருந்து இறங்கி வரும் கரன்ட் போட்டிதானே?

இத்தனையும் தாண்டி 1924-ல் லக்சபானவில் வேலை ஆரம்பித்தது. அப்பாடா! என்று பெருமூச்சு விடுவதற்குள் பணம் இல்லையென்று நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். 1927-ல் அரசாங்கத்தின் மின்சார இலாகா தனியாக உருவானபோது அதில் உயர் பொறுப்பில் இருந்தார் விமலசுரேந்திர. நாற்காலி கிடைத்தது. திட்டம் கிடைக்கவில்லை. 1929-ல் கொழும்பில் ஒரு புது மின் நிலையம் திறந்தார்கள். ஸ்டான்லி மின் நிலையம், 3 மெகாவாட். அது ஓடியது நீரில் அல்ல, நீராவியில்! அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில் அரசாங்க வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார் அவர்.

ஐம்பத்தைந்து வயதை ஒட்டிய ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயர் என்ன செய்வார்? தோட்டம் போடுவார். பேரன் பேத்தியோடு விளையாடுவார். "நான் அப்பவே சொன்னேன்..." என்று வருகிறவர் போகிறவரிடம் புலம்புவார். இவர் என்ன செய்தார் தெரியுமா?

ஃபைலை மூடினார், தேர்தலில் நின்றார்!

1931. இலங்கை வரலாற்றில் முக்கியமான வருஷம். டொனமூர் அரசியல் திட்டப்படி, 21 வயது நிறைந்த ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு. இந்தியாவில் அப்படி ஒரு தேர்தல் நடக்க இன்னும் இருபது வருஷம் இருந்தது! (மலையகத் தமிழர்களில் பலருக்கு மட்டும் 'குடியிருப்புச் சான்று' அது இது என்று தடைகள் இருந்தன. அது தனிக் கதை.) அந்த முதல் தேர்தலில் இரத்தினபுரி தொகுதியில் நின்று ஜெயித்து, அரசாங்க சபைக்குள் போனார் விமலசுரேந்திர.

இத்தனை நாள் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதினவர், இப்போது சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். லக்சபான என்ன ஆச்சு? வேலை ஏன் நிற்கிறது? எந்தத் திட்டத்தை அதிகாரியாக இருந்து நகர்த்த முடியவில்லையோ, அதை மக்கள் பிரதிநிதியாக இருந்து தள்ளிப் பார்த்தார்.

ஈஸியாக இல்லை. நிதிப் பொறுப்பு அப்போதும் ஆங்கிலேய அதிகாரி கையில்தான். உலகப் பொருளாதார மந்தம் வேறு. தேயிலை, ரப்பர் விலை எல்லாம் பாதாளத்தில். அவர் சபையில் இருந்த காலத்திலும் லக்சபான ஓடவில்லை. ஆனால் பேச்சு ஓய்ந்துவிடவில்லை. முக்கியமான விஷயம் அதுதான். ஒரு திட்டம் ஃபைலில் தூங்கினால் செத்துப்போகும். சபையில் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் தூங்காது.

1938-ல் மறுபடி வேலை ஆரம்பித்தது. இரண்டாம் அரசாங்க சபையில் ஜான் கொத்தலாவல அந்த இலாகாவுக்கு மந்திரி. 'இந்தத் தடவை நிச்சயம்' என்று நினைத்தால், அடுத்த வருஷமே இரண்டாம் உலகப் போர்! டர்பைனும் ஜெனரேட்டரும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அங்கே தொழிற்சாலைகள் எல்லாம் டாங்கி செய்துகொண்டிருந்தன. மறுபடி காத்திருப்பு.

போர் முடிந்தது. 1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. 1950-ல் லக்சபானவில் மூன்று ஜெனரேட்டர்கள் சுற்றின. மொத்தம் 25 மெகாவாட். 1918-ல் கட்டுரை எழுதியபோது அவருக்கு வயது 44. விளக்கு எரிந்தபோது 76-ஐ நெருங்கிவிட்டார். அதற்குப் பிறகு மூன்றே வருஷம். 1953-ல் மறைந்தார். நல்லவேளை, பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்புறம் நிற்கவே இல்லை. 1958-ல் லக்சபானவில் இன்னொரு 25 மெகாவாட். 1965-ல் காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் 50 மெகாவாட் நிலையம். அதற்கு வைத்த பெயர் 'விமலசுரேந்திர மின் நிலையம்'. 1969-ல் பொல்பிட்டிய, 1974-ல் புதிய லக்சபான, 1980-களில் கெனியன் என்று அதே இரண்டு ஆற்றில் வரிசையாக ஐந்து நிலையங்கள். தொடக்கத் திறனைக் கூட்டினால் 335 மெகாவாட். அதே தண்ணீர் ஒரு நிலையத்தைச் சுற்றிவிட்டு, கீழே இறங்கி அடுத்ததைச் சுற்றுகிறது. மேலே நாம் போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதா? அதுதான் இது!

கம்பிக்கு அடியில் இருந்தவர்கள்

வெற்றிக் கதை இதோடு முடிந்தால் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த மலையில் மனுஷர்கள் இருந்தார்கள். நம் மனுஷர்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் பக்கமிருந்து போய் அந்தத் தேயிலைக் காட்டை உண்டாக்கினவர்களின் பிள்ளைகள்.

லக்சபானவில் விளக்கு எரிந்தது 1950-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. அவர்கள் குடியிருந்த மலையிலிருந்து கொழும்புக்கு வெளிச்சம் இறங்கிப் போனது. தலைக்கு மேலே கம்பி போக, கீழே லயத்து வீடுகள் பலவற்றில் இன்னும் பல வருஷம் மண்ணெண்ணெய் விளக்குதான்.

மவுசாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம். ஊரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மழை பொய்த்து நீர்மட்டம் இறங்குகிற வருஷங்களில், அந்தப் பழைய கோயிலின் கட்டடம் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கும். ஜனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். 'இங்கதான் எங்க கடை இருந்துச்சு' என்று காட்ட இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் வந்தது. அந்தக் குடும்பங்களில் பல கப்பல் ஏறி இங்கே வந்தன. கூடலூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. உங்கள் கிளாஸில் நீலகிரிப் பக்கத்து ஃபிரெண்ட் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தாத்தாவோ பாட்டியோ மஸ்கெலியாவிலோ நோர்வூட்டிலோ பிறந்தவராக இருக்கலாம். அவர்கள் வந்து சேர்ந்த நீலகிரியிலும் ஒரு நீர்மின் நிலையம் காத்திருந்தது. 1932-ல் கரன்ட் கொடுக்க ஆரம்பித்த பைகாரா!

இதற்கெல்லாம் விமலசுரேந்திர பொறுப்பா? இல்லை. அவர் கேட்டது வெளிச்சம். அந்த வெளிச்சம் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று முடிவு செய்தது அரசியல். இன்ஜினீயரிங் படிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால், நாளைக்கு ஒரு பிளான் வரையும்போது 'இந்தக் கோட்டுக்குக் கீழே யார் வீடு இருக்கு?' என்று ஒரு தடவை கேட்கத் தோன்றும். தோன்ற வேண்டும்.

2022-ல் திரும்பி வந்த கேள்வி

1918-ல் அவர் வைத்த வாதம் என்ன? சொந்த எரிபொருள் இல்லாத தீவு, கப்பலை நம்பி விளக்கு எரிக்கக்கூடாது. பழைய கதை என்று நினைத்தால் 2022-ஐப் பாருங்கள். இலங்கையில் டாலர் தீர்ந்தது. டீசல் கப்பலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு! கடைகள் மெழுகுவத்தியில் நடந்தன. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த வருஷமே ஆட்சி ஆட்டம் கண்டது.

நீர்மின்சாரம் மட்டுமே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல வரவில்லை. மழை பொய்த்தால் அதுவும் கைவிரித்துவிடும். தேவையும் பலமடங்கு வளர்ந்துவிட்டது. 25 மெகாவாட்டைக் கொண்டாடிய நாடு பின்னாளில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்ட வேண்டியிருந்தது. நிலக்கரி? மறுபடி கப்பலில்தான்! ஆனால் அவர் கேட்ட அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது. நம் வீட்டில் என்ன இருக்கிறது? தண்ணீரா, காற்றா, வெயிலா? அதை வைத்து முதலில் என்ன செய்யலாம்? இது இலங்கைக்கு மட்டுமான கேள்வியா, சொல்லுங்கள்.

நமக்கு என்ன?

விமலசுரேந்திரவின் வாழ்க்கையைப் பார்த்தால் ஒன்று புரியும். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. டர்பைன் அவர் செய்ததல்ல. ஜெனரேட்டர் அவர் செய்ததல்ல. தெரிந்த விஷயத்தைத் தன் ஊர் ஆற்றோடு பொருத்திப் பார்த்தார். கணக்குப் போட்டார். சின்னதாகச் செய்து காட்டினார். எழுதிக் கொடுத்தார். மறுத்தபோது வேறு கதவைத் தட்டினார். ஆபீஸ் கதவு மூடினால் சபைக் கதவு!

நாம் பைனல் இயரில் ஒரு புராஜெக்ட் செய்கிறோம். வைவாவில் தலையாட்டுகிறார்கள். மார்க் வருகிறது. பைண்டிங் செய்த அந்தப் புத்தகம் டிபார்ட்மென்ட் லைப்ரரியின் மூலையில் போய்த் தூசியோடு செட்டில் ஆகிவிடுகிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். 1918-ல் வைத்த பேப்பரோடு அவரும் அப்படியே நினைத்திருந்தால்?

அடுத்த தடவை ஹாஸ்டலில் கரன்ட் போனால் ஊளையிடுங்கள், தப்பே இல்லை. ஊளையிட்டு முடித்ததும், உங்கள் ஊரில் எல்லோரும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற 'அருவி' எது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். இருட்டில் யோசிக்கத்தான் நல்ல நேரம். கரன்ட் வந்ததும் அந்த யோசனையை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 32 வருஷம் கழித்துக்கூட தேவைப்படலாம்!